நடுக்கண்ணாடியில்

ஓடுகிறது. பாழாய்ப்போன வைப்பர் மோட்டார் நன்றாகவே ஓடுகிறது. என் ஒர்க்‌ஷாப் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தபடி, பேட்டரியிலிருந்து நான் இழுத்துக் கொடுத்த ஒயர்களில், ர்ர்ர் என்று ஒரே சீராக, ஒரு குற்றமும் அறியாததுபோல ஓடுகிறது. நின்று தொலைத்தால் நான் பிழைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக வால்பாறையில் ஓடாத வண்டிகளை ஓடவைத்துப் பெயர் வாங்கிய எலக்ட்ரீஷியன் அருளப்பன், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு, ஓடுகிற ஒன்று நிற்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ரெஜினாவே சிரிக்கிறாள். என் மகள், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து வறுத்த கடலையைத் தோல் ஊதி ஊதித் தின்கிறாள். பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை, நாளைக் காலை ஏழரைக்கு டியூட்டி. மூன்று மணிக்காவது இங்கிருந்து கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் நாற்பது வளைவும் இறங்கி ஆழியாறு போய்ச் சேர முடியும். வெளியே மழை விடாமல் பெய்கிறது. பஸ் ஸ்டாண்டு மேட்டில் பனி இறங்கி, எதிர்க்கடைகளின் போர்டுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. "அதான் ஓடுதுல்லப்பா? மாட்டுங்க, நான் கிளம்பறேன்" என்கிறாள். இரும்மா என்கிறேன். "காலையில பூசை முடிஞ்சதிலிருந்து இரும்மா, இரும்மாதான்" என்கிறாள். அவளுக்குப் பயமே இல்லை. அப்பா பார்த்துவிட்டார், அதனால் சரியாகியிருக்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு. எனக்குப் பயம் அந்த நம்பிக்கையை நினைத்துத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ரெஜினா காரில் மேலே ஏறி வரும்போது வைப்பர் இரண்டு முறை நின்றிருக்கிறது. முதல் முறை கொஞ்ச தூரத்தில் தானாக ஓடிவிட்டது. இரண்டாவது முறை முப்பத்து மூன்றாவது வளைவில், எதிரே பஸ் வரும் நேரத்தில். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிய, ஒன்றும் தெரியாமல், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு ஓரம் கட்டியிருக்கிறாள். இதை அவள் கதைபோலச் சொன்னாள், நான் சோற்றில் கைவைத்தபடி அப்படியே இருந்தேன். "பானட்டைத் தெறந்து பார்த்தேன்ப்பா. ஒண்ணையும் தொடக்கூட இல்ல. தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. உங்க பொண்ணுன்னு தெரிஞ்சிருச்சு போல." அதன்பிறகு வீடுவரை நிற்கவில்லையாம். இப்போதும் நிற்கவில்லை. மோட்டாரின் முதுகில் ஒரு மூடி, மூடிக்குள் பிஸ்கட் அளவுக்கு ஒரு பச்சை போர்டு, அதன் ஓரத்தில் ஒயர் வந்து சொருகும் சாக்கெட். ஸ்விட்சை அணைத்தால் இரண்டு வைப்பர் கைகளும் பாதியில் நிற்காமல் ஒழுங்காகக் கீழே போய்ப் படுக்கின்றன அல்லவா, அந்த ஒழுங்கை இந்தப் போர்டுதான் பார்த்துக்கொள்கிறது. கெட்டால் இதுதான் கெட்டிருக்கவேண்டும். பழைய பல் பிரஷ்ஷால் பெட்ரோல் தொட்டுத் தேய்த்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துவிட்டேன். ஈயம் வைத்த எல்லா இடத்திலும் புதிதாக ஈயம் வைத்துவிட்டேன். மீட்டர் முனையை எங்கே வைத்தாலும் கீ என்று கத்துகிறது. எல்லாம் சரி, எல்லாம் சரி என்று கத்துகிறது. குற்றம் தெரிந்து சரிசெய்வது ஒன்று. தெரியாமலே சரியாகிவிட்டது என்று சொல்வது வேறு. இரண்டாவதை நான் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

நினைக்கக்கூடாது என்று இருந்தேன். ஆனால் நிமிர்ந்தால் எதிரே அந்தக் கடை. பனியில் மற்ற கடையெல்லாம் மறைந்தாலும் குடைக்கடை மறைவதில்லை. வாசலில் மஞ்சளும் சிவப்புமாக மழைக்கோட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்குள் ஸ்டூலில் சிக்கந்தர் பாய் இருப்பார். அவர் மச்சான் கடை. குடைக்குக் கம்பி மாட்டிக் கொடுத்துக்கொண்டு, பக்கத்தில் கைத்தடியைச் சாத்திவைத்துக்கொண்டு இருப்பார். போன வருஷம் ஆனிவரை எஸ்டேட் கார் ஓட்டியவர். முப்பது வருஷம் இந்த மலையில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத மனுஷன். அவர் ஓட்டியதும் ரெஜினா வைத்திருக்கும் அதே மாதிரி கார்தான், நிறம் மட்டும் வேறு. "வைப்பர் ரோட்டுல நிக்குது அருளு, இங்க கொண்டாந்தா ஓடுது" என்றார். மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்று தடவையும் ஓடியது. "பாய், உங்க வண்டிக்கு என்னைக் கண்டா பயம், அதான் ஒழுங்கா இருக்கு" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எஸ்டேட் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்துபோனால் சீட்டு வேண்டும், அது வழக்கம். வைப்பர் சோதிக்கப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது, கையெழுத்து அருளப்பன். நான்காம் நாள் இருபத்தாறாவது வளைவில் கார் சுவரில் ஏறியது. உயிர் பிழைத்தார், இடுப்பு போய்விட்டது. "வைப்பர் நின்னுச்சு, ஒண்ணும் தெரியல" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே சொன்னார். எஸ்டேட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என் சீட்டை என்னிடமே நீட்டிக் கேட்டார். ஓடிச்சு சார், நான் பார்த்தேன், நல்லா ஓடிச்சு என்றேன். பொய்யில்லை. ஓடியதைத்தான் ஓடியது என்றேன். அப்படியானால் தூங்கியிருப்பார் என்று ஆகிவிட்டது. வயசாச்சு, கண் அசந்திருப்பார் என்று ஊரே சொன்னது. வேலை போனது பெரிதில்லை; தூங்கி வண்டியை விட்ட டிரைவர் என்ற பெயரோடு எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார். பதினான்கு மாதமாக என் கடைக்கு டீ குடிக்க வருவதில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்தக் காரை எஸ்டேட் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது, ரெஜினாவின் அம்மாவுக்குக்கூட. இரண்டு வைப்பர் கையும் நடுக்கண்ணாடியில் நின்றுகொண்டிருந்தன. கீழே படுக்கவில்லை, பாதியில், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள்போல. எலக்ட்ரீஷியனுக்கு அதன் அர்த்தம் தெரியும்: ஓடும்போதே கரண்டு போயிருக்கிறது. ஆனால் மோதிய அதிர்ச்சியில் பேட்டரி ஒயரும் கழன்று கிடந்தது. அது கழன்றாலும் அப்படித்தான் பாதியில் நிற்கும். ஆக, மோதியதால் நின்றதா, நின்றதால் மோதியதா? மோதியதால் என்றால் நான் யோக்கியன். நின்றதால் என்றால்... வேண்டாம். பேட்டரிதான் கழன்று கிடந்ததே. என் கண்ணால் பார்த்தேனே. பதினான்கு மாதமாக இந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் தூங்குகிறேன். மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். கையில் ஸ்பேனர்கூட இருந்தது. கழற்றவில்லை. பயம். அடுத்த மாதம் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அப்பா, கடலை?" கையை நீட்டுகிறாள். வாங்கி வாயில் போட்டு, எதை மெல்கிறேன் என்று தெரியாமல் மென்றேன். சூட்டில் நிற்கிறதோ என்று அவளுடைய ஹேர் டிரையரை வாங்கிப் போர்டுமேல் பிடித்தாகிவிட்டது. கை சுட்டதே தவிர மோட்டார் நிற்கவில்லை. குளிரில் நிற்கிறதோ என்று காலையில் வீட்டு ஃபிரிட்ஜில் மேல்தட்டில் ஒருமணி நேரம் வைத்தாகிவிட்டது. "மீனுக்குப் பக்கத்துல என்னத்த வெச்சிருக்கீங்க, ஒரே பெட்ரோல் நாத்தம்" என்று அவள் அம்மா கத்தியதுதான் மிச்சம். தட்டினேன், குலுக்கினேன், ஸ்க்ரூடிரைவர் பிடியால் நான்கு பக்கமும் மொத்தினேன். தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைக்கவும் வழியில்லை. பானட் பின் விளிம்பில் நானே தடித்த ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி போட்டுத் தரும் பட்டையெல்லாம் கீழ்நாட்டு மழைக்குத்தான் தாங்கும், இங்கே கொட்டுகிற கொட்டுக்கு அது எந்த மூலைக்கு? விரல் தடிமனுக்குப் பட்டை ஒட்டினால் ஒரு சொட்டு உள்ளே போகாது. அது என் கண்டுபிடிப்பு. ஊரில் நிறைய வண்டிக்கு ஒட்டியிருக்கிறேன். போன மாதம் மகள் காருக்கு மற்றவர்களுக்கு ஒட்டுவதைவிட ஒரு நூல் அதிகமாகவே ஒட்டினேன். மகள் அல்லவா. அதனால் ஈரமில்லை. சூடில்லை, குளிரில்லை. வேறு என்ன? என்னதான் வேண்டும் உனக்கு? பச்சை நிறத்தில் பிஸ்கட் அளவுக்கு இருந்துகொண்டு என் மகளை எந்த வளைவில் மடக்குவதாக இருக்கிறாய்?

இரண்டரை. வேறு வழியில்லாமல் மாட்டினேன். காரை வெளியே நிறுத்தி, மூக்கை மட்டும் கடைக் கூரைக்கடியில் விட்டு, பானட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தி, மோட்டாரைத் திருகி, சாக்கெட்டைச் சொருகி, அதன்மேல் கண்ணாடிக்கடியில் வரும் பிளாஸ்டிக் தட்டை மூடினேன். ரெஜினா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். நான் கப்பில் தண்ணீர் மொண்டு கண்ணாடிமேல் ஊற்றினேன். ஓடியது. இன்னொரு கப். ஓடியது. தூக்கிய பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக இரண்டு கைகளும் போவதும் வருவதுமாக இருந்தன, அதற்குப் பின்னால் அவள் முகம் தெளிவதும் கலங்குவதுமாக இருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாள். சின்ன வயசில் ஜுரம் வந்தாலும் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று காட்டிக்கொண்டு கிடப்பாள். இருபத்தாறாவது வளைவில் சுவர் இடிந்த இடத்துக்குப் புதிதாகக் கல் கட்டியிருக்கிறார்கள், அங்கே மட்டும் பாசி பிடிக்கவில்லை. போகும்போதெல்லாம் நான் மறுபக்கம் பார்த்துக்கொள்வேன். இன்றைக்கு இவள் அதைக் கடந்து போகவேண்டும். பஸ்ஸில் போம்மா என்று சொல்லலாம். ஏம்ப்பா, சரியாகலையா என்பாள். ஆகவில்லை, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லவேண்டும். ஒரு வரிதானே? அந்த ஒரு வரியைச் சிக்கந்தர் பாயிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் வண்டியை எடுத்திருக்க மாட்டார். இன்றைக்கு மகளிடம் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று எனக்கே நான் பதில் சொல்லவேண்டி வரும். இப்படியும் ஒரு அப்பன். இன்னொரு கப் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.

"பேக்கை எடுத்து வெச்சிரட்டாப்பா?" "அப்படியே ஓடட்டும்மா. நான் டீ குடிச்சு முடிக்கிறவரைக்கும் ஓடட்டும், அப்புறம் அணைக்கலாம்." டீயே இல்லை. காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, நேரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வந்தாள். மழை சாய்ந்து அடித்து என்ஜின்மேல் தெறித்துக்கொண்டிருந்தது. "உள்ள எல்லாம் நனையுதுப்பா" என்று சொல்லிக்கொண்டே, நான் தடுப்பதற்குள், கம்பியை எடுத்து மடக்கிவிட்டு, பானட்டைப் படீரென்று அடித்துச் சாத்தினாள். எனக்குக் கோபம் வந்தது. வேலை முடியாமல் பானட்டைச் சாத்தக்கூடாது, எந்த எலக்ட்ரீஷியனும் சாத்தமாட்டான். சாவியை அணைத்து, கை துடைத்து, கடைசியாக அடித்துச் சாத்தினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் வண்டி அவரவர் பாடு. ஓட்டிப் பார்ப்பதெல்லாம் மெக்கானிக் வேலை, நம் வேலை பானட்டுக்குள். இருபத்திரண்டு வருஷத்தில் பானட்டைச் சாத்திவிட்டு நான் ஒரு வைப்பரையும் ஓட்டிப் பார்த்ததில்லை, கையும் கண்ணும் உள்ளே இருக்கும்போது எப்படிச் சாத்துவது என்று அவளைத் திட்ட வாயெடுத்தேன். வைப்பர் நின்றது.

நடுக்கண்ணாடியில் நின்றது. இரண்டு கையும் பாதியில், தூக்கியபடி. மழை அதன்மேல் வழிந்தது. நான் கிளாஸைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. "அய்யோ, நான் எதையும் பண்ணலப்பா" என்றாள் ரெஜினா. தெற, தெற என்று கத்தினேன். திறந்தாள். ஓடியது. சாத்து. இருபது எண்ணுவதற்குள் நின்றது. திற. ஓடியது. மழை அடிக்க அடிக்க நானே சாத்தினேன், நானே திறந்தேன், பைத்தியக்காரன்போல. பட்டை. என் பட்டை. பானட்டைச் சாத்தினால் அந்தத் தடித்த ரப்பர் பிளாஸ்டிக் தட்டை அழுத்துகிறது, தட்டு சாக்கெட்டை அழுத்துகிறது, சாக்கெட் போர்டை வளைக்கிறது. ஓட்டத்தின் அதிர்வு சேர்ந்தால் அவ்வளவுதான். பானட்டைத் தூக்கினால் எல்லாம் நிமிர்ந்து, அறியாப் பிள்ளை மாதிரி ஓடுகிறது. மோட்டாரைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோனேன். மீட்டர் முனை இரண்டையும் வைத்துச் சாக்கெட்டைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். கீ என்ற சத்தம் அறுந்தது. விட்டேன், கத்தியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், அழுத்தும்போது மட்டும், பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்புக் கோட்டில் ஒரு முடி அளவு பிளவு வாயைத் திறந்து மூடுகிறது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா! நான் சொன்னேன்ல" என்று ரெஜினா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிளவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்து ஒரு செம்பு நூலை வைத்து ஈயம் பற்றவைத்தால் தீர்ந்தது, பட்டையைப் பிய்த்து எறிந்தால் அப்புறம் பிளக்கவும் பிளக்காது. பத்து நிமிஷ வேலை. என் மகள் பத்திரமாக இறங்கிவிடுவாள். காலையிலிருந்து இதைத்தானே மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், கொடுத்துவிட்டாள். பின் ஏன் கை ஈயத்துக்குப் போகவில்லை? எஸ்டேட் காருக்கும் பட்டை ஒட்டியது நான்தான். அவர் முதல் தடவை வைப்பர் நிற்கிறது என்று வந்தாரே, அதற்கு இரண்டு வாரம் முன்பு. மூன்று தடவையும் நான் பானட்டைத் தூக்கிவைத்துத்தான் பார்த்தேன். இங்கே பேட்டரி ஒயர் கழலவில்லை. எதன்மேலும் மோதவில்லை. இருந்தும் கைகள் அதே இடத்தில் நின்றன. பதினான்கு மாதமாக மாற்றி மாற்றிப் போட்ட இரண்டு வாக்கியத்தில் ஒன்று போய்விட்டது. ஊருக்குள் இன்னும் எத்தனை வண்டிக்கு ஒட்டியிருக்கிறேன்? இருபது? முப்பது? இந்த மழையில் இப்போது எத்தனை பேர் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்? ரெஜினா ஈயக்கம்பியை எடுத்து நீட்டுகிறாள், சீக்கிரம்ப்பா, மணி ரெண்டே முக்கால். வாங்கவில்லை. இதைப் பற்றவைத்துவிட்டால் ஓட ஆரம்பித்துவிடும். ஓடினால் நான் திரும்பவும் நல்ல எலக்ட்ரீஷியன் ஆகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும், ஓடியபிறகு நான் தெருவைக் கடக்கமாட்டேன்.

அதனால் அப்படியே, பிளவோடு, திரும்ப மாட்டினேன். பட்டையையும் விட்டுவைத்தேன். "என்னப்பா பண்றீங்க?" என்றவளிடம், ஒருத்தர் பார்க்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன். தெரு பத்தே எட்டு வைத்தால் கடந்துவிடும் அகலம். குடைக்கடையில் பாய் நிமிர்ந்து, குடை வாங்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "பாய், ஒரு நிமிஷம் வரீங்களா? எம் பொண்ணு வண்டில..."  என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் தடியை எடுத்தார். நான் குடை பிடிக்க, அவர் ஒவ்வொரு எட்டாக ஊன்றி நடக்க, அந்தப் பத்து எட்டும் முடியவே முடியாது என்றிருந்தது. முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றும் இருந்தது. ரெஜினா கதவைத் திறந்து பிடித்தாள். "டிரைவர் சீட்லயா?" என்றார். ஆமாம் பாய். இரண்டு கையாலும் வலக்காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொடவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் குனிந்து சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஓடவில்லை, வைப்பர் மட்டும். பிறகு முன்னால் போய்ப் பானட்டைச் சாத்தினேன். அதன்மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஓடுகிறது. கடவுளே, இப்போது பார்த்து ஓடிவிடாதே. ஓடிவிட்டால்கூடத் தேவலையோ? பதினொன்று, பன்னிரண்டு.

நின்றது. நடுக்கண்ணாடியில். தண்ணீர் வழிந்து அவர் முகம் கலங்கிப் போயிற்று. ஜன்னல் பக்கம் ஓடி, "இதான் பாய். அன்னிக்கும் இதான். நீங்க தூங்கல. என் சீட்டுதான் தப்பு, நாளைக்கே எஸ்டேட்டுல வந்து சொல்றேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாத கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய்" என்றேன் மறுபடியும். ரெஜினா என் சட்டையைப் பிடித்து இழுத்து, கீழே பாருங்க என்று கண்ணால் காட்டினாள். என்ஜின் ஓடவில்லை, கார் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. சிக்கந்தர் பாயின் வலக்கால், தூக்கி வைத்தால்தான் நகரும் அந்தக் கால், பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தது.